கொத்தமல்லித் தண்ணியும் 48 மணித்தியாலமும்

எங்க லயத்துல யாருக்காவது காய்ச்சல்னா முதல்ல அடுப்புல ஏறுறது கொத்தமல்லிச் சட்டிதான். கொத்தமல்லிய லேசா வறுத்து, இஞ்சியத் தட்டிப் போட்டு, நாலு மிளகும் சேர்த்து, தண்ணி பாதியா வத்துற வரைக்கும் அம்மாயி அடுப்படிய விட்டு நகரமாட்டாங்க. அந்த வாசம் எழும்பினாலே பக்கத்துக் காம்பராவுல இருந்து "யாருக்குப்பா சொகமில்ல?"னு குரல் வரும்.

பசறைப் பக்கம் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அப்படித்தான் சட்டி ஏறியது. முதலில் தம்பிக்கு. திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வரும்போதே உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, காய்ச்சல், வறட்டு இருமல். அம்மாயி கொத்தமல்லித் தண்ணி கொடுத்தார். கொழும்பில் வேலை செய்யும் சின்னண்ணன் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான்: "இது வைரஸ் காய்ச்சல். கசாயத்துல ஒன்னும் ஆகாது. டமிஃப்ளூன்னு ஒரு குளிசை இருக்கு, பார்மசியில கேட்டு வீட்டுல எல்லாருக்கும் வாங்கிக் குடுங்க." அதைக் கேட்ட அம்மாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஆறு புள்ள வளத்தேன். எந்தக் குளிசையில வளத்தேன்?"

போனிலும் அடுப்படியிலுமாக இந்தச் சண்டை இரண்டு நாள் நடந்தது. அதற்குள் வேறொன்று நடந்ததை நாங்கள் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான அண்ணிக்குச் செவ்வாய் ராத்திரியே காய்ச்சல் தொடங்கிவிட்டது. புதன்கிழமை காலை இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அவர் மலைக்குப் போனார். வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அண்ணியும் பிள்ளையும் இப்போது சுகம். அதனால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது. ஆனால் அன்றைக்கு வார்டு வாசலில் நின்றபோது ஒன்று உறைத்தது. கசாயமா, குளிசையா என்று நாங்கள் சண்டை பிடித்தோம். இரண்டுமே அண்ணிக்குச் சரியான நேரத்தில் சரியான உதவியைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது.

கசாயம் என்ன செய்யும்?

முதலில் அம்மாயியின் பக்கம் நின்று பேசுகிறேன். காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் வேண்டும். வியர்த்து, வாய் கசந்து, சோறு இறங்காமல் கிடப்பவர் வெறும் தண்ணீரைக் குடிக்கமாட்டார். சூடாக, வாசமாக, இனிப்பாக ஒன்றைக் கொடுத்தால் குடிப்பார். தொண்டைக்கு இதமாக இருக்கும், சளி இளகும். இருமலுக்குத் தேன் கொஞ்சம் ஆறுதல் தரும் என்பதை இங்கிலீஸ் வைத்தியமும் ஒத்துக்கொள்கிறது. அதற்கெல்லாம் மேலாக, ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கப்பை வாயில் வைக்கிறார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். பராமரிப்பு என்பது இதுதான்.

ஆனால் "குடும்பத்தைப் பாதுகாக்கும்" என்று சொல்வது வேறு கதை. இன்ஃப்ளுவென்சா வைரஸ் மூக்கு, தொண்டை, நுரையீரல் உயிரணுக்களுக்குள் புகுந்து பல்கிப் பெருகும் கிருமி. கொத்தமல்லியோ இஞ்சியோ பற்பாடகமோ குடித்தால் அந்தக் கிருமி அடுத்த ஆளுக்குத் தொற்றாது என்று மனிதர்களிடம் செய்த நல்ல பரிசோதனைகளால் நிறுவப்படவில்லை. கண்ணாடிக் குழாயில் ஒரு இலைச்சாறு வைரஸை அடக்கியது என்று செய்தி வரும். கண்ணாடிக் குழாயில் சவர்க்காரமும் வைரஸைக் கொல்லும். குடிக்க முடியுமா?

"ஆனா குடிச்சா சுகமாகுதே" என்பீர்கள். ஆகும். பெரும்பாலான ஆரோக்கியமான ஆட்களுக்கு ஃப்ளூ ஒரு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். தடிமனுக்கு மருந்து குடித்தால் ஏழு நாள், குடிக்காவிட்டால் ஒரு வாரம் என்று நம் ஊரில் பகிடியாகச் சொல்வார்களே, அந்தப் பகிடிக்குள் பெரிய விஞ்ஞானம் இருக்கிறது. தானாக மாறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது வேலை செய்த மாதிரித்தான் தெரியும்.

இதை நாடு முழுக்கப் பார்த்தோம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த பாணி ஒன்று கொவிட்டைத் தடுக்கும் என்றார். காளி அம்மன் சொல்லிக்கொடுத்த மருந்து என்றும் சொன்னார். கூட்டம் கூடத் தடை இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரில் போய்க் குவிந்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே கொவிட் வந்தது. நாம் எல்லோரும் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம்.

சிரித்ததில் ஒரு பிழை இருந்தது. ஒரு ஆளுக்கு நோய் வந்துவிட்டதால் மட்டும் பாணி பொய் என்று ஆகிவிடாது. அதே போல, ஒரு ஆள் குடித்துவிட்டு நோய் வராமல் இருந்ததால் பாணி உண்மை என்றும் ஆகாது. ஒரே மாதிரியான நிறையப் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குக் கொடுத்து, மறுபக்கத்துக்குக் கொடுக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை வருவதற்கு முன்பே அமைச்சர் குடித்தார், ஊர் குடித்தது. பிழை அங்கேதான். பாணி குடித்தவர்களுக்கு, இனி நமக்கு வராது என்ற தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தோடு பஸ் ஏறியவர்கள் எத்தனை பேரோ.

தமிழ்நாட்டில் இதே விவாதம் டெங்குவோடு வந்தது. அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராக விநியோகித்தது. 2017 ஒக்டோபரில் கமல்ஹாசன், ஆய்வு முடிவு தெரியும்வரை அதை விநியோகிக்க வேண்டாம் என்று தன் நற்பணி இயக்கத்தாரிடம் சொன்னபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பாரம்பரியத்தை அவமதிக்கிறார் என்றார்கள். ஒரு மருந்தைப் பார்த்து "எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்பது அவமதிப்பு இல்லை. மருந்து என்று மதிப்பதால்தான் அந்தக் கேள்வியே வருகிறது.

குளிசை என்ன செய்யும்?

இப்போது அதே கேள்வியைச் சின்னண்ணனின் குளிசையிடமும் கேட்க வேண்டும். இங்கிலீஸ் மருந்து என்பதற்காக அதற்குச் சலுகை கிடையாது.

டமிஃப்ளூ என்பது வியாபாரப் பெயர். மருந்தின் பெயர் ஒசெல்டமிவிர். 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைரஸ் ஒரு உயிரணுவுக்குள் பெருகி வெளியே வரும்போது தன்னை அறுத்து விடுவித்துக்கொள்ள ஒரு நொதியைப் பயன்படுத்துகிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது. புதிய வைரஸ்கள் வெளியேறிப் பரவ முடியாமல் போகிறது. இதனால்தான் நேரம் முக்கியமாகிறது. வைரஸ் ஏற்கெனவே உடம்பு முழுக்கப் பரவி முடிந்தபின் கதவைப் பூட்டிப் பெரிய பிரயோசனம் இல்லை. அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்று டொக்டர்மார் சொல்வது இதற்காகத்தான். கடுமையாக நோயுற்றவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பார்கள். ஆனால் முந்தினால் நல்லது.

பலன் எவ்வளவு? 2014-ல் கொக்ரேன் ஆய்வுக் குழு, இந்த மருந்தின் பரிசோதனை அறிக்கைகளை எல்லாம் முழுமையாக வாங்கி அலசியது. வாங்குவதற்கே பல வருடம் போராட வேண்டியிருந்தது. முடிவு இதுதான். வளர்ந்தவர்களுக்கு நோய் அறிகுறி 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது. அதாவது சுமார் 17 மணித்தியாலம். ஆரோக்கியமான பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வருவதைக் குறைத்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்தன. பிரித்தானிய அரசு மட்டும் இந்த மருந்தைச் சேமித்து வைக்க 40 கோடி பவுணுக்கு மேல் செலவழித்திருந்தது. 2017-ல் உலக சுகாதார நிறுவனமும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதை முதன்மைப் பிரிவிலிருந்து துணைப் பிரிவுக்கு இறக்கியது.

அப்ப அம்மாயி வென்றாங்களா? இல்லை. அதே ஆய்வில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ வந்த பிறகு மற்றவர்கள் தடுப்பாக இந்த மருந்தை எடுத்தபோது, கிட்டத்தட்ட 7 பேர் எடுத்தால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்பட்டது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு ஒவ்வொருவரும் தினம் ஒரு குளிசை வீதம் 10 நாள் எடுக்க வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 60 குளிசை. டொக்டர் துண்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. வந்தது ஃப்ளூ இல்லாமல் சாதாரணத் தடிமனாகவோ கொவிட்டாகவோ டெங்குவாகவோ இருந்தால் அந்த 60 குளிசையும் வீண்.

அதனால் "எல்லாருக்கும் வாங்கிக் குடுங்க" என்ற சின்னண்ணனின் யோசனை எங்கள் வீட்டுக்குச் சரியில்லை. பதினான்கு வயதுத் தம்பிக்கு ஓய்வும் தண்ணீரும் பனடோலும் போதும். ஆனால் அண்ணிக்கு அப்படியில்லை. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்குக் கீழானவர்கள், 65 வயது தாண்டியவர்கள், வீசிங், சீனி, இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ நிமோனியாவாக மாறும் அபாயம் அதிகம். 2009-ல் புதிய எச்1என்1 பரவியபோது கர்ப்பிணிகளுக்கு அது எவ்வளவு மோசமாகப் போகும் என்பதை உலகம் முழுக்கக் கண்டார்கள். 2018 மே மாதம் நம் நாட்டின் தென் மாகாணத்தில் வைரஸ் காய்ச்சல் பரவிச் சிறுபிள்ளைகள் இறந்தபோது, ஆரம்பப் பிரிவு வகுப்புகளையே மூட வேண்டி வந்தது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த மருந்து. அவர்களுக்குக் கொடுக்கவா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு டொக்டர் அவர்களை முதல் நாளே, மிஞ்சினால் இரண்டாம் நாள் பார்த்தாக வேண்டும்.

செடியும் குளிசையும் எதிரிகளா?

இன்னொரு விஷயம். அம்மாயிக்கு நான் இதைச் சொன்னபோது நம்பவே இல்லை. ஒசெல்டமிவிர் செய்ய ஆரம்பத்தில் மூலப்பொருளாக எடுத்தது நாம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து. அதிலுள்ள ஷிகிமிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, பல இரசாயனப் படிகள் தாண்டி மருந்தாக்கினார்கள். 2005 அளவில் பறவைக் காய்ச்சல் பயத்தில் எல்லா நாடும் இந்த மருந்தைக் கேட்டபோது அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. அதற்காக அன்னாசிப்பூவை அவித்துக் குடித்தால் டமிஃப்ளூ ஆகிவிடாது. மணலில் இருந்து கண்ணாடி செய்கிறார்கள் என்பதற்காக ஜன்னலில் மணலைக் கொட்டுவோமா?

நம் மலைகளுக்கு இது புதுக்கதை இல்லை. 1869-ல் மடூல்சீமையில் கோப்பி இலை நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை நிலைபெறுவதற்கு இடையில் தோட்டங்களில் பெருமளவில் நட்டது சிங்கோனா மரத்தைத்தான். வெலிமடையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் இருக்கும் ஹக்கல பூங்காவை இன்றைக்கு ரோஜா பார்க்கப் போகும் இடமாகத்தான் நமக்குத் தெரியும். 1861-ல் அதைத் தொடங்கியதே சிங்கோனா வளர்க்கத்தான். அதன் பட்டையில் இருந்துதான் மலேரியாவுக்குக் கொயினா எடுத்தார்கள். நம் முன்னோர்கள் அந்தப் பட்டையை உரித்தவர்கள். அது செடி மருந்தா, இங்கிலீஸ் மருந்தா? பட்டையாக இருக்கும்போது ஒவ்வொரு மரத்திலும் சத்து ஒவ்வொரு அளவு. கொயினாவாகப் பிரித்தபின், இத்தனை எடை உள்ள ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுக்க முடிந்தது. வித்தியாசம் இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையில் இல்லை. அளந்து பார்த்ததற்கும் பார்க்காததற்கும் இடையில்தான்.

அந்த இரண்டு நாளை யார் எடுத்துக்கொண்டது?

சரி, இதெல்லாம் தெரிந்திருந்தால் அண்ணியை முதல் நாளே கொண்டுபோயிருப்போமா? நேர்மையாகச் சொன்னால், சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், "ஏன் முதல்லயே வரல?" அண்ணி மூச்சுத் திணறலோடு சொன்ன பதில்: "பேர் போயிரும்னு." டொக்டருக்கு அது விளங்கவில்லை. தோட்டத்தில் பிறந்த நமக்கு விளங்கும். ஒரு நாள் மலைக்குப் போனால் ஒரு பேர். சொன்ன கிலோவை எடுக்காவிட்டால் அரைப்பேர். போகாவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. 2021-ல் 1,000 ரூபாய், 2024-ல் 1,350 ரூபாய் என்று அடிப்படை நாட்சம்பளம் உயர்ந்த ஒவ்வொரு தடவையும் நாம் போராடித்தான் வாங்கினோம். 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும் அதற்கு மேல் அரசாங்கத்தின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் முன்மொழியப்பட்டன. கூடியது சந்தோஷம்தான். ஆனால் வருகைக்குக் காசு என்றால், காய்ச்சலோடு வந்தாலும் வருகை வருகைதான். வராமல் வீட்டில் படுத்து அடுத்தவருக்குத் தொற்றாமல் காத்த நாளுக்கு என்ன பெயர்?

கணக்கைப் பாருங்கள். செவ்வாய் ராத்திரி காய்ச்சல். புதன்கிழமை தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் போகும். அங்கே டொக்டர் இல்லாமல் இருக்கலாம். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், மழையில் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நடை, அங்கிருந்து பஸ், இல்லாவிட்டால் திரீவீல் கூலி. கூட ஒரு ஆள் போக வேண்டும். அப்படியென்றால் இரண்டு பேர். இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும் ஒரு குடும்பம் "நாளைக்குப் பாப்போம்" என்று முடிவெடுப்பது அறியாமையால் இல்லை. அந்த "நாளைக்கு"தான் 48 மணித்தியாலத்தைத் தின்கிறது. அடுப்பில் இருக்கும் கொத்தமல்லித் தண்ணி அந்த இடைவெளியை நிரப்புகிறது. அம்மாயி கசாயத்தை நம்பியதால் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கவில்லை. போக வழியில்லாத வீட்டில் கசாயத்தைத்தான் நம்ப முடிந்தது.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1912-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்போடு கட்டிவைத்தது. நோயாளியைப் பார்க்கும் இடமும் வேலை வாங்கும் இடமும் ஒன்றாகிப் போயின. உனக்கு நோயா, சோம்பலா என்று தீர்மானிப்பதும் அங்கேதான். அது நடந்து ஆறு வருடத்தில், 1918-ல், உலகத்தை உலுக்கிய இன்ஃப்ளுவென்சா இலங்கைக்கு வந்தது. அடுத்த வருடமும் ஓயாத அந்த நோயில் 3 லட்சம் பேர் அளவில் இறந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றைய சனத்தொகையில் பதினைந்து பேரில் ஒருவர். அந்தக் காலத்தில் வைரஸுக்கு எதிரான மருந்து உலகத்திலேயே கிடையாது. கசாயமும் பராமரிப்பும் மட்டும்தான் இருந்தன. நம் பாட்டிமாரின் கசாய நம்பிக்கை அந்த வெறுமையில் வளர்ந்தது. அவர்களைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் இன்றைக்கு அந்த வெறுமை இல்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, இலவச வைத்தியம் இருக்கிறது, 1990-க்கு அடித்தால் இலவச அம்பியுலன்ஸ் இருக்கிறது. இருப்பதற்கும் நமக்கும் இடையில் நிற்பது அந்த ஒரு பேர்.

அதனால் நான் கேட்பது: காய்ச்சல் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு. குறைந்தபட்சம் கர்ப்பிணிகளுக்கும், கைப்பிள்ளைக்குச் சுகமில்லாத தாய்மாருக்கும். சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் கிலோவைப் பற்றியும் ரூபாயைப் பற்றியும் பேசுகின்றன. காய்ச்சலைப் பற்றியும் பேசட்டும். ஒரு ஆள் மூன்று நாள் வீட்டில் இருந்தால் மலையில் பத்துப் பேருக்குத் தொற்றாது. தோட்டக் கம்பனிக்கும் இதில் நட்டம் இல்லை.

நாம் வீட்டில் செய்யக்கூடியது

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க முடியாது. இதை வாசிக்கிற நீங்கள்தான் உங்கள் வீட்டில் குளிசை உறையில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்பவர். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்பவர். வீட்டாருக்கு வரும் வட்ஸ்அப் வைத்தியக் குறிப்பு உண்மையா என்று தேடிப் பார்க்கக்கூடியவர். அதனால் சில விஷயங்கள்.

கசாயத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கூடவே காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் கலண்டரில் எழுதுங்கள். வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், வீசிங்காரர் யாராவது இருந்தால், அவர்களுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கே அல்லது மறுநாளே டொக்டரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல் இருக்கிறது, இவர் இத்தனை மாதக் கர்ப்பிணி என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். மருந்து வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

யாராக இருந்தாலும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பூத்தால், ஆள் மயங்கிக் குழம்பிப் பேசினால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால் காத்திருக்கவே வேண்டாம்.

நம் நாட்டில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். அதனால் பனடோலைத் தவிர அஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை. வயலிலோ சேற்றிலோ வேலை செய்தவர் என்றால் எலிக்காய்ச்சலுக்கும் சந்தேகப்பட வேண்டும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். போன தடவை மிஞ்சிய அமோக்சிலினை எடுத்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். அது பக்றீரியாவுக்கு. வைரஸுக்கு ஒன்றும் செய்யாது.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தேன் கூடாது. சின்னப் பிள்ளைகளை வேது பிடிக்க வைக்காதீர்கள், கொதிதண்ணி கொட்டிச் சுட்டுக்கொள்ளும். கர்ப்பிணிக்குக் கொத்தமல்லி, இஞ்சி போன்ற சாப்பாட்டுச் சாமான்களைத் தாண்டிப் பேர் தெரியாத இலை வேரெல்லாம் அவித்துக் கொடுக்காதீர்கள்.

பரவாமல் தடுப்பது 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் லேசில்லை. நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஆள் கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகும் ஐந்தாறு நாள் பரப்புவார். தனி அறை இல்லையென்றால் தலைமாட்டை எதிர்ப்பக்கம் மாற்றிப் படுக்க வைக்கலாம். பகலில் குளிராக இருந்தாலும் கதவையும் ஜன்னலையும் கொஞ்சமாவது திறந்து வைக்கலாம். காய்ச்சல்காரருக்கும் அவரைப் பார்ப்பவருக்கும் மாஸ்க், தனிக் கப், சவர்க்காரம். கொத்தமல்லித் தண்ணி கொடுப்பதைக் கர்ப்பிணியிடம் விடாமல் வேறு ஒருவர் செய்யலாம். எங்கள் வீட்டில் தம்பிக்குக் கப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணிதான்.

ஃப்ளூவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. வருடா வருடம் போட வேண்டும். நம் நாட்டின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கர்ப்பிணி கிளினிக்கில் அதை இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்பதும் நம் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

அம்மாயி இப்போதும் கொத்தமல்லிச் சட்டி ஏற்றுகிறார். போன மாதம் பக்கத்துக் காம்பராவில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, வழக்கம் போல ஒரு கப் தண்ணியோடு போனார். நானும் பின்னால் போனேன். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் தாயிடம் கேட்டார்: "எப்பயிருந்து காயுது?" நேற்று ராத்திரியிலிருந்து என்றாள். "அப்ப இன்னைக்கே கொண்டு போ. பேர் போனா போவுது." பிறகு கையிலிருந்த கப்பை அவளிடம் நீட்டினார். "இத நீ குடிச்சிட்டுக் கெளம்பு. காலையில இருந்து ஒன்னும் சாப்புட்டிருக்க மாட்ட."